குளம் நிறைந்தபின் பெய்த மழை: அருவியாற்றில் ஒரு தை ஞாயிறு

சில வருடங்களுக்கு முன், தைப்பொங்கல் கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை. வவுனியாவிலிருந்து ஒரு வான், செட்டிகுளம் பக்கமிருந்து இரண்டு மோட்டார் சைக்கிள். பெரியவர்கள் 4 பேர், இளையவர்கள் 9 பேர். எல்லாரும் ஒரே குடும்பத்து ஆட்கள். அருவியாற்றில் குளித்து, கரையிலேயே சமைத்துச் சாப்பிட்டு, பின்னேரம் மடுத் தேவாலயத்தில் மாதாவைக் கும்பிட்டுவிட்டு வீடு திரும்புவதாக இருந்தோம். மத்தியானத்துக்கு முன்னரே என் அக்காவின் மகனை மூச்சில்லாமல் கரையில் கிடத்தினோம். அவனுக்கு அப்போது 15 வயது.

அவன் பிழைத்துவிட்டான். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுத என்னால் முடிகிறது. அன்று வந்திருந்த ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். கைப்பேசிகளில் எடுத்த படங்களை நேர வரிசைப்படி அடுக்கிப் பார்த்தேன். அதே துறைக்கு மாரியிலும் கோடையிலும் பலமுறை போய் நின்றேன். எங்கள் பிள்ளைகள் ஆற்றுக்குப் போகவேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். போகவேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை.

ஆறும் நாங்களும்

வன்னியில் மலை இல்லை. கனகராயன் ஆறு, பாலியாறு, பறங்கியாறு, பேராறு எல்லாம் இந்தச் சமவெளியிலேயே பிறந்து இங்கேயே கடலையோ குளத்தையோ சேருகிறவை. அருவியாறு அப்படியில்லை. அனுராதபுரத்துக்குத் தென்கிழக்கே, 766 மீற்றர் உயரமுள்ள ரிட்டிகல மலைப்பக்கத்தில் ஊறி, மல்வத்து ஓயா என்ற பெயரோடு அனுராதபுரத்தைத் தொட்டு, தந்திரிமலையைத் தாண்டி எங்கள் பக்கம் வருகிறது. இங்கே வந்ததும் அருவியாறு. பழைய பாளி நூல்களில் கதம்ப நதி. மொத்தம் 164 கிலோமீற்றர். இலங்கையில் மகாவலிக்கு அடுத்த நீளம். தேக்கம் அணைக்கட்டில் மறிபட்டு ஒரு பங்கு கட்டுக்கரைக்குளத்துக்குப் போய் மன்னார் வயல்களுக்குப் பாய்கிறது. மிச்சம் அரிப்புப் பக்கம் கடலில் விழுகிறது.

நாங்கள் போன துறை தேக்கத்துக்கு மேலே இருக்கிறது. இரு கரையும் மருதமரம். வெளிறிய பட்டை, மேலே ஒன்றையொன்று தொடும் கொப்புகள், ஆற்றுக்குள்ளேயே இறங்கி முடிச்சு முடிச்சாகப் பின்னிக் கிடக்கும் வேர்கள். வெயில் தண்ணீரில் விழும்போது காசு சிதறினமாதிரி இருக்கும். மணல் கால்விரலிடுக்கில் குளிர்ந்து நழுவும். மீன்கொத்தி ஒரே கொப்பிலிருந்து திரும்பத் திரும்பப் பாயும். மூன்று கல் வைத்து உலை ஏற்றிவிட்டால் புகை நேராக மேலே போய் மருத இலைக்குள் மறையும். பங்குனி, சித்திரையில் இந்த இடத்தில் ஒரு பகல் இருந்தவர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். வீட்டில் போனைக் கீழே வைக்காத பிள்ளைகூட இங்கே அதைத் தேடாது.

இந்த ஆற்றோடு எங்களுக்கு இன்னொரு உறவும் உண்டு. 2009இல் போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் இருந்தவர்களுக்குக் குடிதண்ணீர் இந்த ஆற்றிலிருந்துதான் சுத்திகரித்து வந்தது. கடைசிக் குடும்பங்கள் அங்கிருந்து வெளியேறியது 2012 செப்ரெம்பரில். அக்கா முகாமில் இருந்த காலத்தில் ஆற்றைக் கம்பிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள். அவளுடைய அப்பா, என் அப்பா, ஆற்றைப் படித்தவர். எந்தத் துறையில் மடு, அதாவது ஆழமான பள்ளம், இருக்கிறது, எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் வரும், வெள்ளம் வருமுன் எறும்பு எப்படி ஏறும் என்று அவருக்குத் தெரியும். அதை எங்களுக்குச் சொல்லித்தரவேண்டிய வருடங்களில் நாங்கள் இடம்பெயர்ந்துகொண்டிருந்தோம். அவர் திரும்பி வரவில்லை. நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நம்புகிறேன். ஆற்றங்கரையில் பிறந்த குடும்பம், ஆற்றைத் தெரியாத குடும்பமாகத் திரும்பி வந்திருந்தது.

அன்று நடந்தது

காலை 9.30க்குத் துறைக்கு வந்தோம். வானம் துப்புரவாக இருந்தது. செட்டிகுளத்தில் மூன்று நாளாக ஒரு துளி மழையில்லை. தண்ணீர் முழங்காலளவு, நடுவில் இடுப்பளவு. கீழே மணல் தெரிந்தது. நடு ஆற்றில் பாய் விரித்தது போல ஒரு மணல்திட்டு. பிள்ளைகள் இரண்டு லொறி ரியூப் கொண்டுவந்திருந்தார்கள்; மேலே போய் அதில் ஏறி இருந்துகொண்டு திட்டுவரை மிதந்து வருவார்கள், இறங்கிச் சுமந்துகொண்டு நடப்பார்கள், திரும்பவும் மிதப்பார்கள்.

பெரியவர்களில் இரண்டு பேர் குடித்திருந்தார்கள். அதில் ஒருவன் நான். இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

11 மணியளவில் மாடு சாய்த்துக்கொண்டு ஒரு ஐயா கரையால் வந்தார். நின்று ஆற்றைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"தம்பி, ஆத்துக்குள்ள நிக்கிற பிள்ளையளைக் கூப்பிடுங்கோ. தண்ணி நிறம் மாறுது."

"மழையொண்டும் இல்லையே ஐயா."

"இஞ்ச இல்லை. மேல பெஞ்சிருக்கும்."

நான் ஓமோம் என்றேன். உலையில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. இறக்கிவிட்டுக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் பத்து நிமிடம் போனது.

அதற்குள் திட்டு சுருங்கிவிட்டது. அதில் மூன்று பேர் நின்றார்கள். கரைக்கும் திட்டுக்கும் இடையில் போகும்போது முழங்காலளவாக இருந்த தண்ணீர், வரும்போது நெஞ்சளவு. இரண்டு பேர் ஒருவர் கையை ஒருவர் பிடித்து எப்படியோ சாய்வாக நடந்து கரையேறினார்கள். மருமகன் ரியூப்பில் ஏறினான். இவ்வளவு நேரமும் தன்னைப் பத்திரமாகச் சுமந்த ரியூப் இப்போதும் சுமக்கும் என்று நம்பினான். ஆறு அவனைக் கரைக்குக் கொண்டுவரவில்லை. வளைவின் வெளிப்பக்கத்துக்குக் கொண்டுபோனது. அங்கே எங்கள் கரையிலிருந்து சாய்ந்த மருதமரம் ஒன்று பாதி தண்ணீருக்குள் கிடந்தது. ரியூப் கொப்புகளுக்கிடையில் சிக்கி நின்றது. அவன் ரியூப்பின் ஓட்டைவழியாகக் கீழே வழுகினான். தலை உள்ளே போனது.

அவன் தமையன், 19 வயது, ஒருவரையும் கேட்காமல் குதித்தான். சில கணத்தில் அவனும் அதே மரத்தில்.

வானின் மேலே சாமான் கட்ட வைத்திருந்த நைலோன் கயிற்றை ஐயாதான் கேட்டு வாங்கினார். வெறும் எண்ணெய்க் கான் ஒன்றை மூடி இறுக்கி அதன் நுனியில் கட்டி, மரத்துக்கு மேலேயிருந்து எறிந்தார். தமையன் கானைப் பிடித்தான்; நாலு பேராக இழுத்தோம். ஐயா அடிமரத்தில் கவிழ்ந்து படுத்து ஊர்ந்துபோய், காட்டுக்கத்தியால் ரியூப்பைக் குத்திக் கிழித்தார். காற்றுப் போனதும் சிக்கல் விட்டது. பெடியனின் காற்சட்டையைப் பிடித்துத் தூக்கினார். எவ்வளவு நேரம் உள்ளே இருந்தான் என்று கேட்டால் ஒருவர் ஒரு நிமிடம் என்கிறார், இன்னொருவர் ஐந்து நிமிடம் என்கிறார். படங்களையும் அழைப்பு நேரங்களையும் வைத்துப் பார்த்தால் இரண்டு நிமிடத்துக்குக் கிட்ட இருந்திருக்கும்.

முகம் நீலம். மூச்சில்லை. யாரோ அவனைக் குப்புறப் போட்டு வயிற்றை அமுக்கத் தொடங்கினார்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கச் சொல்லி இன்னொருவர் கத்தினார். தாதிப் பயிற்சியில் இருந்த எங்கள் மருமகள் ஒருத்தி எல்லாரையும் தள்ளிவிட்டு, அவனை மல்லாக்கக் கிடத்தி, நெற்றியைப் பின்னுக்குச் சாய்த்து முகவாயை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊதினாள். ஐந்து முறை. நான்காவதில் நெஞ்சு எழுந்ததை நான் பார்த்தேன். ஐந்தாவதுக்குப் பிறகு நெஞ்சில் அமுக்கத் தொடங்கினாள். முப்பது அமுக்கு, இரண்டு ஊதல். இரண்டாவது சுற்றில் இருமினான்.

ஆற்றுக்குள் போனுக்குச் சிக்னல் இல்லை. வானில் ஏற்றிக்கொண்டு வீதிக்கு ஏறியபின்தான் அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழைக்கமுடிந்தது. வழியில் அம்புலன்ஸ் எதிரே வந்து ஏற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு இரவு வைத்திருந்தார்கள்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது

முதலில் படங்கள். 10.05க்கு எடுத்த படத்தில் பிள்ளைகள் ஒரு மருத வேரில் சாய்ந்து நிற்கிறார்கள். அந்த வேரில் நான்கு முடிச்சுகள் தண்ணீருக்கு மேலே தெரிகின்றன. 10.41 படத்தில் மூன்று. 11.02 படத்தில் ஒன்று. மூன்றிலும் அதே பிள்ளைகள், அதே சிரிப்பு. ஒரு மணி நேரத்தில் ஆறு எழும்பியிருக்கிறது; பதின்மூன்று பேரில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. தண்ணீருக்குள் நிற்கிறவனுக்குத் தண்ணீர் மெல்ல ஏறுவது தெரியாது. மேலே நிற்கிறவனுக்கு நிறம் தெரியும். கடைசிப் படத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தால், காலையில் மணல் தெரிந்த இடத்தில் பால்தேத்தண்ணி நிறம். அதில் சுள்ளியும் பழுத்த இலையும் நுரையும் ஒரு கோடாக வருகின்றன. வெள்ளம் தன் முன்னால் அனுப்பும் ஆள் அந்த நுரைதான். கரையில் காய்ந்து கிடக்கும் குப்பையை ஏறும் தண்ணீர்தான் முதலில் தூக்கும்.

இனி மழை. சனிக்கிழமை இரவு அனுராதபுரப் பக்கம் நல்ல மழை என்றும், மேலே ஒரு குளத்தின் கதவுகளைத் திறந்தார்கள் என்றும் பின்னர் அறிந்தோம். ஆறு வினாடிக்கு ஒரு மீற்றர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 3.6 கிலோமீற்றர். 50 கிலோமீற்றர் வர 14 மணித்தியாலம். சனி இரவு 9 மணி மழை, ஞாயிறு 11 மணிக்கு எங்கள் காலடியில். இது நான் கையால் போட்ட கணக்கு. குளமும் அணையும் வளைவும் இதைக் கூட்டிக் குறைக்கும். ஆனாலும் காலையில் எங்கள் தலைக்குமேல் இருந்த நீல வானத்துக்கும் அந்தத் தண்ணீருக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பதை இது காட்டும்.

நான் மிகவும் பிந்திப் புரிந்துகொண்டதும், இதை வாசிக்கிறவர்கள் மனதில் பதிக்கவேண்டியதும் அடுத்த விஷயம். அருவியாற்றின் நீரேந்துபரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் உண்டு. ஒரு குளத்தின் வான், அதாவது குளம் நிறைந்தபின் தண்ணீர் வழியும் இடம், அடுத்த குளத்துக்கு, அதன் வான் அதற்கடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போய்க் கடைசியில் ஆற்றில் விழும். ஐப்பசியில் முதல் மழை கொட்டும்போது இந்தக் குளங்கள் வெறுமையாகக் கிடக்கும். விழும் தண்ணீரை வாங்கி வாங்கி வைக்கும். ஆறு மெல்லத்தான் ஏறும். மார்கழி முடியும்போது எல்லாக் குளமும் முட்டி, வான் பாய்ந்துகொண்டிருக்கும். அதற்குமேல் விழும் ஒரு மழைக்குத் தங்க இடம் கிடையாது. ஐப்பசியில் ஆற்றை முழங்காலுக்கு உயர்த்தாத அதே அளவு மழை, தையில் தலைக்குமேல் கொண்டுவரும். போதாததற்குக் குளக்கட்டைக் காப்பாற்றப் பெரிய குளங்களின் கதவைத் திறக்கவும் வேண்டிவரும். திறக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை 1957 டிசம்பரில் இதே ஆற்றிலுள்ள நாச்சதுவக் குளம் உடைத்த வெள்ளம் காட்டியிருக்கிறது. ஆகவே கதவு திறந்தவர்மீது எனக்குக் கோபம் இல்லை. திறந்த செய்தி ஆற்றங்கரைக்கு வந்து சேரவில்லை என்பதுதான் என் குறை.

பொங்கலும் பாடசாலை லீவுநாளும் வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து நிற்பதும் சேர்ந்து, நாங்கள் ஆற்றுக்குப் போக விரும்பும் மாதமும் குளங்கள் முட்டியிருக்கும் மாதமும் ஒன்றாகிவிடுகின்றன.

மரம்

சுழியைப் பற்றி எல்லாரும் பயமுறுத்துவார்கள். ஆற்றில் கிடக்கும் மரத்தைப் பற்றி எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. அது ஒரு அரிதட்டு. தண்ணீர் கொப்புகளுக்கிடையால் போய்விடும், ஆள் போகமாட்டார். பின்னால் வரும் தண்ணீர் ஆளை அதிலேயே வைத்து அழுத்திக்கொண்டிருக்கும். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. வினாடிக்கு ஒரு மீற்றரில் நிற்கமுடிந்தவனை இரண்டு மீற்றரில் ஆறு பிடுங்கி எடுத்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்த தமையனே அந்த மரத்திலிருந்து தானாக விடுபடவில்லை.

ஓட்டத்தில் அகப்பட்டால் மல்லாந்து, காலை ஆறு ஓடும் பக்கமாக நீட்டி, விரல் தண்ணீருக்குமேலே தெரிய மிதக்கவேண்டும். எழுந்து நிற்கப் பார்த்தால் கால் வேருக்குள் மாட்டும். முன்னால் மரம் தெரிந்தால் மட்டும் முறை மாறும். விலக முடியாது என்று கண்டால் குப்புறத் திரும்பி, முழு மூச்சோடு அதை நோக்கி நீந்தி, நெஞ்சை அடிமரத்துக்குமேலே போடவேண்டும். கால் முதலில் போனால் மரம் உள்ளே இழுக்கும். கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். பங்குனித் தண்ணீரில் ஒரு கட்டையைக் குறுக்கே கட்டி வைத்து எங்கள் பிள்ளைகளைப் பழக்கியபோதுதான் எனக்கே நம்பிக்கை வந்தது.

லொறி ரியூப் விளையாட்டுச் சாமான். பிடி இல்லை, நடுவில் ஓட்டை, நனைந்தால் வழுக்கும். உயிர்காப்பு அங்கிக்கு அது ஈடாகாது. அங்கி இல்லாத பிள்ளை முழங்காலுக்குமேல் இறங்குவதில்லை என்று இப்போது வைத்திருக்கிறோம்.

தமையன் குதித்ததைப் பற்றி அக்காவோடு நிறையப் பேசியிருக்கிறேன். அவனைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் கயிறு வரும்வரை அவன் கரையில் நின்றிருந்தால் எங்கள் நாலு பேரின் கை அவனை இழுப்பதில் செலவாகாது. தம்பி முன்னரே வெளியே வந்திருப்பான். முதலில் கத்திக் கூப்பிடு, பிறகு கொப்போ சாரமோ நீட்டு, பிறகு கயிற்றில் கட்டிய கானை எறி. இறங்குவது எல்லாவற்றுக்கும் பிறகு. எறிந்த கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது. ஆறு இழுத்தால் விடமுடியாமல் போகும்.

வயிறு அல்ல, மூச்சு

வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகத் தூக்குவதும் எங்கள் ஊர்களில் இன்றும் நடக்கிறது. வயிற்றிலுள்ள சோறும் தண்ணீரும் மேலே வந்து மூச்சுக்குழலுக்குள் போகும். அதோடு விலைமதிப்பில்லாத நேரம் போய்விடும். மூழ்கியவருக்கு இல்லாமல் போனது காற்று. மருமகள் செய்ததுபோல முதலில் ஐந்து ஊதல், பிறகு நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 அமுக்கு, 2 ஊதல், தானாக மூச்சு வரும்வரை அல்லது உதவி வரும்வரை. எழுந்து இருந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். நுரையீரல் சில மணி நேரம் கழித்தும் மோசமாகலாம். காலில் வெட்டுக்காயம் இருந்ததால் எலிக்காய்ச்சலுக்கும் கவனிக்கச் சொன்னார்கள். வெள்ளத் தண்ணீர் பட்டபின் இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் நோவு என்றால், ஆற்றில் குளித்ததை வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

கோடையில்

மாரியை விட்டுவிட்டுக் கோடையில் போனால் ஆபத்தே இல்லை என்று இல்லை. ஆடி, ஆவணியில் சோளகம் அடிக்கும் நாட்களில் ஆறு அறுந்து மடுமடுவாக நிற்கும். பரந்து திரிந்த முதலைகளும் அந்த மடுக்களுக்குத்தான் வரும். மடு மாதா திருவிழாக் காலமும் அதுதான். கலங்கிய மடுவில், விடியலிலும் மம்மலிலும் குளிப்பதில்லை. கரை மணலில் வயிறு இழுபட்ட தடம் இருந்தால் அந்தத் துறையே வேண்டாம். கண்ணிவெடிச் சிவப்புப் பலகை உள்ள காட்டோரத்தில், அது எவ்வளவு பழசானாலும், விறகுக்குக்கூட இறங்குவதில்லை. என் அனுபவத்தில் நல்ல காலம் பங்குனி நடுவிலிருந்து சித்திரைக் கடைசிவரை. அப்போதும் மேலே இடிமுழக்க மழை பெய்ததா என்று முதல்நாள் விசாரிப்போம். நீர்ப்பாசனத் திணைக்களம் தந்திரிமலையில் ஆற்று மட்டம் அளக்கிறது. மாரியில் அந்த விவரம் வெளிவரும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அனுராதபுரத்தில் யாராவது தெரிந்தவர் இருந்தால் அவருக்கும் ஒரு அழைப்பு.

இப்போது

மூன்றாம் மாதம் அந்த ஐயாவைத் தேடிப் போனோம். அக்கா அவருக்கு ஒரு வேட்டியும் அரிசிப் பையும் கொண்டுபோனாள். வேட்டியை வாங்கிக்கொண்டார். பிறகு மருமகனை ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டுபோய், ஒரு குச்சியை வெட்டி, தண்ணீரும் மணலும் தொடும் கோட்டில் நட்டார். "வந்த உடன இதை நடு. கறி கிளறப் போகேக்கையெல்லாம் பார். குச்சி தண்ணிக்குள்ள நிண்டா சட்டியை விட்டிட்டு மேல ஏறு." என் அப்பா சொல்லியிருக்கவேண்டியதை அவர் சொன்னார்.

அந்தத் துறையில் ஊர் இளைஞர்கள் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பலகை எழுதி நட்டார்கள். மடுவுக்கு வருகிறவர்களில் தெற்குச் சனமும் நிறைய. வளைவில் மரம் கிடப்பதையும், தை முடியும்வரை ஆற்றில் இறங்கவேண்டாம் என்பதையும், 1990ஐயும் எழுதினார்கள். முதல் பலகையை அடுத்த மாரி வெள்ளம் கொண்டுபோனது. இரண்டாவதைக் கரையில் இன்னும் மேலே, மருதமரத்தின் அடியில் கட்டியிருக்கிறார்கள். போன பங்குனியில் நாங்கள் போனபோது மருமகன் வானிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றுமுன் குச்சி வெட்டினான்.